சங்கிலி ரம்பத்தின் மூச்சு



2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நம் ஊரைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் விழுந்து கிடந்தது. கரண்டும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கடன் வாங்கி ஒரு சங்கிலி ரம்பம் வைத்திருந்தான். பெட்ரோலில் ஓடும் மெஷின். அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் மெஷின் கரும்புகை கக்கி அமுங்கியது. மூடியைக் கழற்றினான். ஏர் ஃபில்டர்மேல் மரத்தூள் அடைபோல அப்பியிருந்தது. "கழுவிக் காயவைக்கணும் ஐயா, ஒரு மணி நேரம் ஆகும்" என்றான். "ஆம்புலன்ஸ்கூட உள்ளே வர முடியாது தம்பி, சட்டுனு முடிச்சிடு" என்று அவசரப்படுத்தினேன். அவனும் ஃபில்டரைப் போடாமலே மிச்சத்தை அறுத்து முடித்தான்.

அந்த வாரமே மெஷின் நின்றுவிட்டது. மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பிஸ்டன் முழுக்க நெடுக்குக் கோடுகள். ஊரெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. அவன் நாலு காசு பார்க்க வேண்டிய மாதம் அது. அந்த மாதம் முழுக்க அவன் கையில் மெஷின் இல்லை. அந்த உறுத்தலில்தான் இந்த ஃபில்டரின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் ஆந்த்ரேயாஸ் ஸ்டீல் என்பவர் 1926இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பம் செய்தார். காட்டில் மின்சாரம் ஏது? 1929இல் பெட்ரோல் ரம்பம் வந்தது. எடை 46 கிலோ. இரண்டு ஆள் பிடிக்க வேண்டும். 1950இல் ஒரே ஆள் பிடிக்கும் ரம்பம், 16 கிலோ. 1959இல் அதே கம்பெனியின் 'கோன்ட்ரா' வந்தது. அதில் கியர் கிடையாது. இஞ்சின் சுற்றும் வேகத்திலேயே சங்கிலியும் ஓடியது. எடை 12 கிலோ. அதே வருடம் ஸ்வீடனில் ஹஸ்க்வர்னா கம்பெனியும் ரம்பம் செய்ய இறங்கியது. 1689இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கிய கம்பெனி அது.

எடை குறைந்தது, வேகம் கூடியது. கூடவே தூசித் தொல்லையும் கூடியது. குமாஸ்தா புத்தி, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 சிசி இஞ்சின் நிமிஷத்துக்கு 10,000 சுற்று சுற்றினால், கணக்குப்படி 600 லிட்டர் காற்று. நடைமுறையில் கொஞ்சம் குறையும். எப்படியும் சில நூறு லிட்டர் காற்றை, மரத்தூள் பறக்கும் இடத்தில் நின்றுகொண்டே அந்தச் சின்ன மெஷின் இழுத்தாக வேண்டும். காரும் லாரியும் இப்படிப்பட்ட இடத்தில் மூச்சு விடுவதில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. இது டூ ஸ்ட்ரோக் இஞ்சின். காற்றும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்து கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகும். உள்ளே நுழைந்த மண் பேரிங்கையும் தேய்க்கும், பிஸ்டனையும் கீறும். புயலுக்குப் பிறகு மரப்பட்டையெல்லாம் மணல் அப்பிக் கிடந்தது. மரத்தூளைவிட அந்த மணல்தான் எமன்.

ஆரம்பத்தில் கம்பி வலைதான் வடிகட்டி. பிறகு வலைமேல் மெல்லிய இழைகளை ஒட்டிய ஃபில்டர், நைலான் வலை, மடிப்பு மடிப்பான ஃபில்டர் என்று வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே சிக்கல். கண் பெரிதாக இருந்தால் தூசி நுழையும். சிறிதாக இருந்தால் சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் மிஞ்சும், புகை கக்கும், பிளக் கரிபிடிக்கும். அன்று எங்கள் தெருவில் நடந்தது அதுதான்.

இதற்கு வழி ஃபில்டருக்கு வெளியே கிடைத்தது. இஞ்சினைக் குளிரவைக்க ஃபிளைவீலில் ஏற்கெனவே விசிறி இறக்கைகள் உண்டு. அது சுழலும்போது கனமான தூசி வெளி ஓரத்துக்கு எறியப்படும். உள்பக்கத்துக் காற்று ஓரளவு சுத்தமாக இருக்கும். அந்த இடத்தில் ஒரு வாய் வைத்து, அந்தக் காற்றை மட்டும் ஃபில்டருக்கு அனுப்பினார்கள். ஹஸ்க்வர்னா இதற்கு 'ஏர் இன்ஜெக்‌ஷன்' என்று பெயர் வைத்தது. மற்ற கம்பெனிகளும் இதே வழிக்கு வந்தன. மிச்சமிருக்கும் பொடித் தூசியைப் பிடிப்பது மட்டுமே ஃபில்டரின் வேலை.

இதைப் படித்தபோது என் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. தண்ணீர் வாளியைத் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டி எங்கள் வாத்தியார் முசியே 'ஃபோர்ஸ் சாந்த்ரிஃப்யூழ்' என்பார். மைய விலக்கு விசை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். மரம் அறுக்கிறவன் பிழைப்பை அது காப்பாற்றும் என்று அன்று எனக்கு யார் சொன்னார்கள்? ரைஸ் மில்லில் தவிட்டுத் தூசியைப் பிரிக்கும் கூம்பு வடிவத் தகரத் தொட்டியும் இதே விசையில்தான் வேலை செய்கிறது.

என்ன வந்தாலும் ஃபில்டரைக் கழுவும் வேலை ஒழியவில்லை. அந்த மெக்கானிக் அன்று சொன்னது: மூடியைத் திறக்குமுன் சோக்கைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தூள் கார்புரேட்டருக்குள் விழும். காற்று அடித்தால் உள்பக்கத்திலிருந்து வெளியே அடிக்க வேண்டும். கையில் எப்போதும் இரண்டாவது ஃபில்டர் இருக்க வேண்டும். ஒன்று காயும்போது மற்றது ஓடும்.

ரிப்பேர் செலவில் பாதியை நான் கொடுத்தேன். போன மாதத்தை யார் கொடுப்பது? அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த புயலுக்கு உங்கள் வாசலில் மரம் அறுக்க ஒருவன் வந்து, "ஃபில்டர் கழுவணும் ஐயா" என்று சொன்னால், அவசரப்படுத்தாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, காயும்வரை உட்காரச் சொல்லுங்கள்.