முள் சிவப்புக்குப் போனால் பயப்பட வேண்டுமா?



கை எப்படி இருக்கிறது என்று பலரும் போன் செய்து கேட்டீர்கள். மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. இப்போது நானே தட்டச்சு செய்கிறேன். விழுந்த கதையைச் சொல்ல இத்தனை நாள் வெட்கமாக இருந்தது. இன்று சொல்லிவிடுகிறேன். அதற்குள் ஒரு சரித்திரப் பாடமும் இருக்கிறது.

எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று செல்போனில் பார்க்க ஒரு ஆப் கொடுத்தார்கள். அரைவட்டம், அதில் ஒரு முள், 0 முதல் 3 வரை எண்கள். இடது பக்கம் சிவப்பு, நடுவில் மஞ்சள், வலது பக்கம் பச்சை. ஒரு நாள் மாலை நாலரை மணிக்கு முள் சிவப்பில் நின்றது. "என்னங்க, ரிப்பேர் ஆயிடுச்சா?" என்றார் வீட்டுக்காரம்மா. தூசி படிந்திருக்கும் என்று வாளியும் துணியுமாக ஏணி வைத்து ஏறினேன். ஈரக் காலோடு இறங்கும்போது வழுக்கிவிட்டது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. சோலாரில் ஒரு பழுதும் இல்லை. வெயில் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பார்க்க வந்த பழைய மாணவன் ஒருவன் இதே மாதிரி ஆப் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறான். "சார், அந்தச் சிவப்பை எங்கே வைப்பது என்று எங்கள் ஆபீசிலும் வாக்குவாதம்தான்" என்றான். அவனுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் முள். 1820இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் அசைவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தை முள்ளின் அசைவில் பார்க்கலாம் என்பதற்கு அதுதான் தொடக்கம். 1888இல் அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன், காந்தமும் கம்பிச்சுருளும் மெல்லிய சுருள்வில்லும் வைத்து, பார்த்தவுடன் அளவைப் படித்துக்கொள்ளும் மீட்டரைக் கொண்டுவந்தார். நம் பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் தொட்டுப் பார்த்த அம்மீட்டர் அந்த வம்சம்தான்.

அடுத்து சிவப்பு. 1849இல் பாரிஸில் யூஜின் போர்டோன் நீராவி அழுத்தமானிக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே வளைந்த, தட்டையான குழாய் ஒன்று இருக்கும். அழுத்தம் ஏற ஏற அது நிமிரும், முள் நகரும். ரயில் இஞ்சின் கொதிகலனில் இந்த வட்டத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். முள் அதைத் தாண்டினால் கொதிகலன் வெடிக்கும் ஆபத்து. அங்கே சிவப்புக்கு ஒரே பொருள்தான்: உயிர் போகும், உடனே எதையாவது செய்!

இப்போது சூரியனுக்கு வருவோம். 1853இல் ஜான் பிரான்சிஸ் கேம்ப்பெல் என்பவர் ஒரு மரக் கிண்ணத்தில் கண்ணாடிக் கோளத்தை வைத்தார். வெயில் அதன் வழியே குவிந்து மரத்தைத் தீய்த்தது. 1879இல் ஸ்டோக்ஸ், மரத்துக்குப் பதில் நேரம் குறித்த அட்டையைச் செருகும்படி அதை மாற்றினார். வெயில் அடித்த நேரமெல்லாம் கருகிய கோடு. மேகம் மறைத்த நேரம் இடைவெளி. நம் நாட்டு வானிலை நிலையங்களிலும் இந்தக் கருவி இருந்தது. சாயங்காலம் கோடு முடிந்துவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது என்றுதான் படித்தார்கள்.

1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் தன் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியது. விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றிய கலம் அது. சேப்பின், புல்லர், பியர்சன் மூவரின் உழைப்பு. அன்று வந்தவர்களுக்குக் காட்டியவற்றில் ஒன்று சிறிய பொம்மை ராட்டினம். ஒளி பட்டால் சுற்றும். ராட்டினம் நின்றால் குழந்தைகூட ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

என் கை முறிந்ததற்குக் காரணம் இப்போது புரிகிறதா? கொதிகலனின் சிவப்பைக் கொண்டுவந்து சூரியன் மேல் பூசிவிட்டார்கள். கொதிகலனில் அதிகம்தான் ஆபத்து. சோலாரில் குறைவு ஆபத்தே இல்லை. தினமும் காலையும் மாலையும் குறையத்தான் செய்யும்.

கடைசி எண்ணான 3 கூட ஏமாற்றும். அந்த 3 கிலோவாட், சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலும், கலத்தின் வெப்பம் 25 டிகிரியுமாகச் சோதனைக்கூடத்தில் கண்ட அளவு. நம் ஊர் மே மாத வெயிலில் கலம் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். 35 டிகிரி கூடினால் 14 சதவீதம் போய்விடும். உச்சி வெயிலிலும் முள் கடைசிக்குப் போகாததன் காரணம் இது.

மாணவனிடம் நான் சொன்னது இதுதான். முள் இருக்கட்டும், எண்ணும் இருக்கட்டும். சிவப்பை எடுத்துவிடு. அதற்குப் பதில், "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், தெளிந்த வானத்தில் இவ்வளவு வரலாம்" என்று ஒரு சின்னக் கோடு போடு. சூரியன் நிற்கும் இடத்தையும் தகட்டின் சாய்வையும் வைத்து அதைக் கணக்கிடலாம். மாலையில் முள் இறங்கும்போது கோடும் கூடவே இறங்கும், பார்ப்பவர் பதறமாட்டார். மேகமே இல்லாத நாட்கள் பலவற்றில் முள் கோட்டுக்கு வெகு கீழே நின்றால் மட்டும், "ஆளைக் கூப்பிடுங்கள்" என்று எழுதிக் காட்டு.

"சார், திங்கட்கிழமை மீட்டிங்கில் உங்கள் கையைத்தான் உதாரணமாகக் காட்டப்போகிறேன்" என்றான். தாராளமாகக் காட்டட்டும். 36 வருடம் கரும்பலகையில் எழுதிய கை. இன்னும் ஒரு பாடம் நடத்தட்டுமே.

உங்கள் வீட்டு ஆப்பில் சிவப்பு எந்தப் பக்கம் இருக்கிறது? கீழே எழுதுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால், முள் சிவப்புக்குப் போனாலும் ஏணியைத் தொட வேண்டாம் என்று இன்றே சொல்லிவையுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்.