ஒட்டுத் தெரியாத நகரம்: ஆந்திரேயாஸ் குர்ஸ்கியின் படங்களில் பிலிமும் டிஜிட்டலும்

பிலிம் உள்ளதைப் பதிவு செய்கிறது, டிஜிட்டல் அதைத் திருத்துகிறது என்ற எண்ணம் ஒளிப்பட விமர்சனத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. 2001 மார்ச்சில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பீட்டர் கலாசி ஒருங்கமைத்த ஆந்திரேயாஸ் குர்ஸ்கியின் கண்காட்சி, அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க நல்ல களம். குடியிருப்புகள், பங்குச் சந்தைகள், மலிவு விலைக் கடைகள் எனப் பெருநகர வாழ்வின் காட்சிகள் அங்கே சுவரளவு பெரிதாகத் தொங்கின. அவற்றில் பிலிம் எங்கே முடிகிறது, கணினி எங்கே தொடங்குகிறது என்று வெறுங்கண்ணால் சொல்லிவிட முடியாது.

1955இல் லைப்சிக்கில் பிறந்த குர்ஸ்கி, டுசல்டார்ஃப் கலைக் கழகத்தில் பெர்ன்ட் பெஹெரிடம் பயின்றவர். பெர்ன்டும் அவர் மனைவி ஹில்லாவும் தண்ணீர்த் தொட்டிகளையும் ஊதுலைகளையும் எப்போதும் மேகமூட்டமான நாளில், நிழல் விழாமல், நேர் எதிரே நின்று படமெடுத்தார்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்று பாராட்டப்பட்ட அந்தப் படங்களிலும் வானிலை வரை எல்லாமே தேர்வுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. மாணவர் பெரிய வடிவ பிலிமை விடவில்லை. 1990களின் தொடக்கத்திலிருந்து நெகட்டிவை ஸ்கேன் செய்து கணினியில் வேலை பார்த்தார். முடிந்த கோப்பு மறுபடியும் ரசாயன வண்ணத்தாளில் அச்சானது. பிலிம், கணினி, தாள் என்ற இந்தச் சுற்றுவழியில் எந்தக் கட்டத்தை ‘அசல்’ என்பது?

1993இல் உருவான ‘பாரிஸ், மோன்பர்னாஸ்’ இதற்குத் தெளிவான சான்று. கட்டடக் கலைஞர் ழான் துபுய்சோன் வடிவமைத்த நீண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு அது. சுமார் 750 வீடுகள். தெருவின் எதிர்ப்புறத்தில் எங்கே நின்றாலும் அதன் முகப்பு முழுதாகக் கேமராவுக்குள் அடங்காது. விரிகோண லென்ஸைப் பொருத்தினால் நடுப்பகுதி முன்னால் வர, இரு முனைகளும் சுருங்கி விலகும். குர்ஸ்கி இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் இணைத்தார். மூன்று மீட்டரைத் தாண்டும் அகலத்தில், ஒரே கோட்டில் நீளும் சன்னல் வரிசைகள் கிடைத்தன. எந்த மனிதனும் எந்த இடத்தில் நின்றும் காண முடியாத முகப்பு இது. ஆனால் கிட்டே போனால் ஒவ்வொரு சன்னலும் தனி: ஒன்றில் திரை, ஒன்றில் விளக்கு, ஒன்றில் தட்டுமுட்டுச் சாமான். இந்த நுணுக்கம் பிலிம் தந்தது. அதைச் சிதையாமல் ஒரே தளத்தில் விரிக்க வழிசெய்தது டிஜிட்டல். லென்ஸின் பிழையைத் திருத்திய கருவியைப் பொய்க் கருவி என்பது, குறைந்தபட்சம் இந்தப் படத்தைப் பொறுத்தவரை, அவசரத் தீர்ப்பு.

ஒட்டுவேலை கணினியோடு வந்ததும் அல்ல. 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் சான்பிரான்சிஸ்கோ நகரைச் சுற்றிலும் 13 கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துச் சேர்த்தார். அவற்றில் ஒரு தகடு மட்டும் மற்றவற்றுக்குச் சில மணிநேரம் கழித்து எடுக்கப்பட்டது, நிழல்களே காட்டிக்கொடுக்கின்றன. நகரம் பெரிதானதும் ஒற்றைப் படம் போதாமல் போனது, அவ்வளவே.

இவ்வாறு சொல்வதால் குர்ஸ்கியின் எல்லாத் திருத்தங்களும் ஒரே தரத்தவை ஆகிவிடாது. 1999இல் லாஸ் ஏஞ்சலிஸ் மலிவுக் கடையொன்றை வைத்து உருவாக்கிய ‘99 சென்ட்’ படத்தில், சரக்குகளின் பிரதிபலிப்பைக் கூரையில் கணினியால் சேர்த்தார். பண்டங்கள் மேலிருந்தும் அழுத்துகிற அந்த உணர்வு, கடையின் உண்மையை மிகைப்படுத்தினாலும் மறைக்கவில்லை. அதே ஆண்டின் ‘ரைன் 2’ வேறு வகை. டுசல்டார்ஃப் அருகே ஆற்றங்கரையில் நின்ற கட்டடங்களை அழித்துவிட்டு, பச்சையும் சாம்பலுமான பட்டைகளை மட்டும் விட்டுவைத்தார். 2011 நவம்பரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அதன் ஓர் அச்சு 43 லட்சம் டாலருக்கு விலைபோனது. விலை எதையும் நிரூபிக்காது, போகட்டும். மோன்பர்னாஸில் கணினி நகரத்தை முழுமையாக்கியது. ரைனில் அதைத் துடைத்தெறிந்தது. முதலாவது அறிவைக் கூட்டுகிறது, இரண்டாவது ரசனைக்காக அறிவைக் குறைக்கிறது என்றே இக்கட்டுரை கருதுகிறது.

இரண்டு படங்களுக்கும் அருங்காட்சியகக் குறிப்பு பொதுவாக ஒரே சொல்லைத்தான் வழங்குகிறது: குரோமோஜெனிக் வண்ண அச்சு. தாள் எத்தகையது என்பது அதில் தெரிகிறது. எது இணைக்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்பது தெரிவதில்லை. ஓவியத்துக்கு ‘கித்தானில் எண்ணெய் வண்ணம்’ என எழுதினால் போதும். அதை எவரும் சாட்சியமாகக் கொள்வதில்லை. பாரிஸ் அடுக்குமாடியின் படத்தையோ சாட்சியமாக நம்பியே சன்னல் சன்னலாகப் பார்க்கிறார்கள். ஆகவே எந்தெந்த இடங்களிலிருந்து எத்தனை நெகட்டிவுகள் எடுக்கப்பட்டன, கணினியில் எது மாறியது என்ற ஓரிரு வரிகளை அந்தக் குறிப்பிலேயே சேர்ப்பது கண்காட்சி அமைப்பாளரின் கடமை.