தோட்டத்து மருந்தும் தேசத்து வைத்தியமும்

இலவச வைத்தியம் எமது நாட்டு மக்கள் போராடிப் பெற்ற பேறுகளுள் ஒன்று. வறிய நாடுகளுள் இலங்கை பிணியை வென்ற கதையைப் பிறநாட்டார் வியந்து பேசும்போது நாமும் பெருமிதங்கொள்கிறோம். ஆயின் தேசத்தின் சராசரிக் கணக்கு எல்லா மக்களுக்கும் உரிய கணக்காகாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதிகளிலோ 32 பேர். இவ்வேறுபாட்டுக்குத் தொழிலாளரின் அறியாமையே காரணமெனக் கூறித் தப்பிக்கொள்வோர் பலர். சரித்திரமோ வேறு விடை தருகிறது.

கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1840களில், தமிழகத்துக் கிராமங்களில் பஞ்சத்தாலும் கடனாலும் நலிந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களுள் பலரை வழியிலேயே பலிகொண்டன. 1841 முதல் 1848 வரை 70,000 பேர் மாண்டிருக்கலாம் எனக் கொழும்புப் பத்திரிகையொன்று அன்று கணித்தது. அத்தொகை மிகையென வாதிடும் ஆய்வாளரும் உளர். ஆனால் இறந்தோரைச் சரிவர எண்ணுவதற்கு அன்று எவரும் இருக்கவில்லை என்பதே நாம் மனத்திற் கொள்ளவேண்டியது. எண்ணப்படாத மக்களுக்கு வைத்தியம் எங்ஙனம் கிட்டும்?

தொழிலாளரின் மரணம் உழைப்புக்குப் பஞ்சத்தை உண்டாக்கும் என்பது உணரப்பட்ட பின்னரே அரசு விழித்துக்கொண்டது. 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. அது பன்முறை திருத்தப்பட்டு 1912இல் புதிய வடிவம் பெற்றது. இச்சட்டங்களின் அடிப்படை யாது? தொழிலாளி நோயுற்றால் கவனிப்பது தோட்டத்தின் கடமை. அதனை மேற்பார்வை செய்வது அரசின் கடமை. மேலோட்டமாக நோக்கின் இது நீதியாகவே தோன்றும். ஆனால் நடைமுறையில் பேர் போடும் கையும் மருந்து கொடுக்கும் கையும் ஒன்றாகிவிட்டன. லயத்துக் காம்பராவிற் படுத்திருப்பவள் மெய்யாகவே நோயாளியா, வேலைக்குக் கள்ளம் செய்கிறாளா என்று தீர்ப்பளிப்பவரும் தோட்டத்திற் சம்பளம் பெறுபவரே. வைத்தியம் மனிதரின் உரிமையாகவன்றி உழைப்பாளியைப் பழுதுபார்க்கும் செலவாகவே கருதப்பட்டது.

கொக்கிப்புழு நோயின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு 1916 அளவில் இந்நோயை ஒழிக்கும் இயக்கம் தோட்டங்களில் ஆரம்பமாயிற்று. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் உடலில் புழு இருந்தது. இரத்தம் குன்றிய உடல் கொழுந்துக் கூடையைச் சுமக்க மாட்டாது. ஆகவே மருந்து கொடுப்பதைத் துரைமார் வரவேற்றனர். ஆனால் இப்புழு மலத்தால் அசுத்தமான மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுவது. மலகூடங்கள் இன்றேல் மருந்துண்டவரை நோய் மீண்டும் பற்றும். மருந்துக்குச் செலவு சொற்பம். மலகூடத்துக்கோ முதல் வேண்டும். ஆதலால் மருந்து விரைந்து வந்தது. மலகூடம் தயங்கித் தயங்கியே வந்தது.

கிராமத்து மக்களின் நிலை வேறு விதமாக மாறியது. 1934–35இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேகாலைப் பகுதியில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து வீடு வீடாகச் சென்றனர். பட்டினியே நோயின் பலம் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். அவ்வியக்கத்தில் முன்னின்ற என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை கிராமத்தவனின் நோயை அரசியற் கேள்வியாக்கிவிட்டது. வாக்குக் கேட்டு வந்தவர்கள் ஆஸ்பத்திரியும் பிரசவ விடுதியும் தருவதாக வாக்களித்தேயாக வேண்டியிருந்தது.

தோட்டத் தொழிலாளருக்கு இவ்வழி அடைபட்டது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. அரசு வைத்தியசாலைகள் கிராமந்தோறும் பெருகிய காலத்தில், தேயிலையால் அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தோர் தோட்டத்து மருந்துச்சாலைக்கே விடப்பட்டனர். அங்கே பெரும்பாலும் இருந்தவர் பட்டம் பெற்ற வைத்தியரல்லர். தோட்ட வைத்திய உதவியாளரே. 1973–74இன் உணவுப் பஞ்சத்தில், பயிரிட ஒரு துண்டு நிலமும் இல்லாத இம்மக்கள் லயங்களிலும் நகரத் தெருக்களிலும் பட்டினியால் மடிந்தனர்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் முயற்சி 1990களில் தொடங்கிற்று. ஒரு பகுதியே கைமாறியது. 2003இன் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கியது. எனினும் ஒரு நூற்றாண்டின் புறக்கணிப்பை ஒரு சட்டத்தின் கையொப்பம் துடைத்துவிடாது என்பதையே 2016இன் கணக்கு காட்டுகிறது.

ஆகவே மருந்துப் புட்டிகளைக் கூட்டுவதால் மட்டும் இவ்வேறுபாடு ஒழியப்போவதில்லை. தோட்டத்து மருந்துச்சாலை தேசத்தின் வைத்தியசாலையாக வேண்டும். நோயாளியின் மொழியைப் பேசும் வைத்தியரும் தாதியரும் அங்கே இருக்க வேண்டும். போதிய கூலி, நல்ல குடிநீர், சொந்தக் காணியில் ஒரு வீடு ஆகியவற்றையும் சுகாதாரத்தின் பகுதியாகவே நாம் கருத வேண்டும். பாடசாலைகளில் இலங்கையின் இலவச வைத்தியத்தின் பெருமையைப் போதிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் இந்த மறுபக்கத்தையும் சேர்த்தே படிப்பார்களாக. கிராமத்து மக்கள் வாக்கின் வலிமையால் பெற்றதைத் தோட்டத்து மக்களும் பெறுவதற்கு, அவர்களுடைய கோரிக்கை எம் எல்லோருடைய கோரிக்கையும் ஆதல் வேண்டும்.