மாண்டோர் மீண்டு வருதல்: குமரி மாவட்ட வில்லுப்பாட்டு மரபும் ‘2.0’ திரைப்படமும்

முன்னுரை

அறிவியல் புனைவுத் திரைப்படங்களின் தாக்கத்தை வசூலையும் தொழில்நுட்பத்தையும் கொண்டு அளப்பதே வழக்கமாக உள்ளது. அவை மக்கள் மனத்தில் நிலைபெறப் பழங்கதை மரபுகளும் துணைநிற்கின்றன என்பதை, ‘2.0’ (2018) திரைப்படத்தைக் குமரி மாவட்ட வில்லுப்பாட்டு மரபோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திரையில் அச்சத்தின் வடிவங்கள்

எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யில் (1963) வேற்றுக்கோளினர் பூமியின் கலைஞரைத் தேடி வருகின்றனர். ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ (2010), படைத்தவனை மீறும் படைப்பைக் காட்டியது. அயலாரும் எந்திரமும் வகித்த இடத்தை அதன் தொடர்ச்சியான ‘2.0’இல் இறந்த மனிதரின் ஆவி பெறுகிறது. செல்பேசிக் கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் மடிவதாக முறையிட்டுத் தோற்ற பறவையியல் அறிஞர் பட்சிராஜன், கோபுரமொன்றில் தூக்கிட்டு இறக்கிறார்; மாண்ட பறவைகளின் ஆற்றலோடு கலந்து மீண்டு வந்து பழிவாங்குகிறார்.

நீலியும் பட்சிராஜனும்

குலசேகரம், திருவட்டாறு முதல் நாகர்கோவில் வரை இசக்கி, யட்சி வழிபாடுகள் இன்றும் வழக்கில் உள்ளன. கள்ளியங்காட்டு நீலி, நம்பவைத்துத் தன்னைக் கொன்றவனை மறுபிறவியில் பழிவாங்கி இசக்கியாக நிலைபெற்றவள். கொடைவிழாக்களில் பாடப்படும் இத்தகைய கதைகளில் அநீதி, மரணம், மீள்வருகை, பழி, வழிபாடு என ஐந்து நிலைகளைக் காணலாம். ‘2.0’ முதல் நான்கையும் வரிசை மாறாமல் பின்பற்றுகிறது. இதன் எழுத்தில் ஷங்கருடன் பங்கேற்ற ஜெயமோகன் இம்மாவட்டத்தவர். எனினும், பழிவாங்கும் ஆவி தமிழ்த்திரையில் முன்பே வேரூன்றிய ஒன்றாதலின், ஒப்புமைக்கு அவரது பிறப்பிடத்தை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது.

வேறுபாடு ஐந்தாம் நிலையில் உள்ளது. நீலிக்குப் பீடமும் படையலும் கிடைக்கின்றன. இழைத்த அநீதியை ஊர் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. பட்சிராஜனோ அழிக்கப்படுகிறார், அவர் தரப்பிலும் நியாயம் உண்டு என்ற சில சொற்களோடு படம் முடிகிறது.

சான்றும் அறமும்

படம் வெளியாகுமுன், கதிர்வீச்சு பற்றிய அதன் சித்திரிப்பு அறிவியலுக்கு மாறானது எனச் செல்பேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்திருப்பினும் நாடளவில் ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்று ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை (2020) குறிப்பிட்டது. கோபுரங்களே குருவிகளை அழித்தன என்ற கருத்து படத்திற்கு முன்பே பரவியிருந்தது. படம் அதற்கு ஒரு முகத்தைத் தந்தது. வில்லுப்பாட்டைக் கேட்போர் நீலியிடம் சான்று கேட்பதில்லை; நீதியையே எதிர்பார்க்கின்றனர். அதே மனநிலை திரையரங்கிலும் தொடரும்போது, அறத்தின்மேல் கொண்ட பரிவு அறிவியல் கூற்றின்மேல் கொள்ளும் நம்பிக்கையாக மாறிவிடுகிறது.

முடிவுரை

எனவே, ‘2.0’ நாட்டார் கதைவடிவின் உணர்ச்சி வலிமையைப் பெற்றுக்கொண்டு, அவ்வடிவின் நிறைவான பொறுப்பேற்பைக் கைவிட்டது எனலாம். பெருவெற்றிப் படங்களின் பண்பாட்டுத் தாக்கத்தை ஆராய்வோர், அவை மரபிலிருந்து எடுத்தவற்றோடு விடுத்தவற்றையும் கணக்கிடுதல் வேண்டும்.