வெள்ளம் திறந்த வாசல்

பெரியாற்றில் 1341-இல் வந்த பெருவெள்ளம்தான் கொச்சியைத் துறைமுகமாக்கியது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. முசிறியின் வழிவந்த கொடுங்கல்லூர்த் துறை மணலால் தூர்ந்தது. தெற்கே கொச்சியில் காயலுக்கும் கடலுக்கும் இடையே அகலமான வாய் திறந்தது. மிளகு வணிகமும் இடம் பெயர்ந்தது.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹோவின் சீனக் கப்பல்கள் இங்கே வந்தன. ஃபோர்ட் கொச்சிக் கரையில் நிற்கும் சீன வலைகளை அவர்கள் விட்டுச் சென்றார்களா, போர்ச்சுகீசியர் மக்காவிலிருந்து கொண்டுவந்தார்களா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கல் கட்டிய கயிற்றைப் பிடித்து வலையைத் தூக்குகிறவர்களுக்கு அது பற்றிக் கவலையும் இல்லை.

1500-இல் போர்ச்சுகீசியத் தளபதி கப்ரால் வந்து சேர்ந்தபோது, கோழிக்கோட்டுச் சாமூதிரியைச் சமாளிக்கக் கொச்சி அரசருக்கு ஒரு துணை தேவைப்பட்டது. துணைக்கு அழைத்தவர்கள் 1503-இல் கோட்டையே கட்டிவிட்டார்கள். 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இங்கே இறந்த வாஸ்கோடகாமாவைப் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைத்தார்கள். எலும்புகள் பின்னர் லிஸ்பன் போய்விட்டன. கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. அந்தத் தேவாலயத்தைப் பார்த்தாலே ஊர் கைமாறிய கதை விளங்கும். கத்தோலிக்கக் கோயிலாகத் தொடங்கி, 1663-இல் டச்சுக்காரர் வந்ததும் சீர்திருத்த சபைக்குப் போய், 1795-இல் ஆங்கிலேயர் பிடித்த பின் ஆங்கிலிக்கனாகி, இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது.

டச்சுக் காலத்தின் மிச்சம் ஒன்றில் தமிழ் கேட்கும். படைவீரர்களின் உடுப்பு வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழியினர், ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் இன்றும் துணி துவைக்கிறார்கள். கஞ்சி போட்ட துணியை இரட்டைக் கயிற்றின் முறுக்கில் செருகிக் காயவைப்பார்கள்; கிளிப் தேவையில்லை. பயண நூல்கள் வாஸ்கோடகாமாவுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியாவது இவர்களுக்குக் கொடுக்கலாம்.

இத்தனை பேர் சண்டையிட்ட துறைமுகத்துக்கு ஒரு குறை இருந்தது. வெள்ளம் திறந்த வாய்க்குக் குறுக்கே கெட்டியான மணல்திட்டு கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட, சரக்கு வள்ளங்களில் போய்வந்தது. மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. சென்னை மாகாண ஆளுநர் வெலிங்டன் பிரபு அனுப்பிய பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920-இல் கொச்சிக்கு வந்தார். திட்டை வெட்டினால் வைப்பின் தீவின் கரையைக் கடல் அரித்துவிடும் என்ற அச்சம் இருந்ததால், முதலில் கருங்கல் தடுப்புகள் போட்டுக் கரையைக் காத்தார். பிறகு தூர்வாரும் கப்பல் இறங்கி, மூன்றரை மைல் நீளம், 450 அடி அகலத்துக்குக் கால்வாய் தோண்டியது. 1928 மே 26 அன்று, மழைக்காலம் தொடங்கும் தறுவாயில், 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. வாரிய மண்ணைக் காயலில் கொட்டி உண்டாக்கிய சுமார் 780 ஏக்கர் நிலம்தான் இன்றைய வெலிங்டன் தீவு.

கொச்சியின் வரலாற்றில் அரசர்களையும் தளபதிகளையும்விட வண்டல்தான் பெரிய பாத்திரம். 2011-இல் வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறந்த பிறகும் தூர்வாரும் வேலை ஓயவில்லை.

பார்க்கப் போகிறவர்கள் எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து நீர்வழியே போவது நல்லது. பிரிஸ்டோ வெட்டிய வாசலின் அகலம் பாலத்தில் போனால் தெரியாது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயம் சனிக்கிழமை திறக்காது. அந்த இரண்டு நாள்களையும் தவிர்த்துவிடுங்கள்.