ஜீப்புக்குப் பின்னால் போனது

தூக்கம் வராத ராத்திரிகளில் நான் பார்ப்பது வெல்டிங் வீடியோ. பகலெல்லாம் தொட்டுப் பார்க்க முடியாத ஒன்றை எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, இரும்பும் இரும்பும் ஒட்டுவதைப் பார்ப்பதில் ஒரு ஆறுதல். போன வருஷம் அப்படி ஒரு தொடரில் மாட்டிக்கொண்டேன். அமெரிக்காவின் மேற்குப் பக்கம் யாரோ ஒருவர், பாலைவனத்துக்குள் இரண்டு டர்ட் பைக்குகளை ஏற்றிக்கொண்டு போக, வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு டிரெய்லர் கட்டுகிறார். அதற்காகப் பழைய ராணுவ டிரெய்லர் ஒன்றை இரும்பு விலைக்கு வாங்கியிருந்தார். இரண்டாவது பாகத்தில் அதன் தொட்டியை அறுத்து எடுக்கும்போது, ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று கையோடு வந்தது. அமெரிக்கன் பேன்ட்டம், பட்லர், பென்சில்வேனியா. ஒரு விநாடி கேமராவுக்குக் காட்டிவிட்டு, போல்ட் டப்பாவுக்குள் போட்டுவிட்டார்.

நான் வீடியோவை நிறுத்தினேன். ஏனென்றால் அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.

நம் ஊரில் ஜீப்பு என்பது வண்டியின் பெயராக மட்டும் இருந்ததில்லை. தாசில்தார் வருகிறார், போலீஸ் வருகிறது, தேர்தல் வருகிறது என்று அதற்குப் பல அர்த்தம். அந்த ஜீப்பை முதலில் செய்து ஓட்டிக் காட்டியது, இன்று அந்தப் பெயரோடு நாம் சேர்த்துச் சொல்லும் எந்த கம்பெனியும் இல்லை. பட்லர் என்ற சின்ன ஊரில், திவாலாகி எழுந்து மறுபடி தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு குட்டிக் கார் தொழிற்சாலை. பிரிட்டனின் ஆஸ்டின் செவன் காரை அமெரிக்காவில் செய்து விற்கப் பார்த்துத் தோற்றது. பிறகு பேன்ட்டம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பேன்ட்டம் என்றால் குட்டைச் சேவல், சின்னத்திலும் சேவல்தான்.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. சைடுகார் வைத்த மோட்டார்சைக்கிள்கள் சேற்றிலும் மணலிலும் படுத்துவிடுகின்றன. வேவு பார்க்கச் சின்னதாக ஒரு நாலு சக்கர வண்டி வேண்டும், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். முதல் வண்டி 49 நாளில் வாசலில் நிற்க வேண்டும். பதில் போட்டவை இரண்டே இரண்டு: பேன்ட்டமும் வில்லிஸும். வில்லிஸ் 75 நாள் கேட்டது. 49 நாள் என்று ஒப்புக்கொண்டது சேவல் மட்டும்.

அவர்களிடம் அதற்கான எஞ்சினியர்கூட சரியாக இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் புரோப்ஸ்ட் என்ற ஃப்ரீலான்ஸ் எஞ்சினியரைக் கெஞ்சிக் கூப்பிட்டார்கள். ஜூலை 17 அன்று அவர் பட்லருக்குக் கிளம்பினார். 22-ம் தேதி முழு வரைபடத்தோடு டெண்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. ராணுவம் கேட்ட எடை 1,300 பவுண்டு. எந்த எஞ்சினியரும் சிரித்திருப்பார். செய்து முடித்தபோது வண்டி 1,800 பவுண்டைத் தாண்டியிருந்தது. பிறகு வரம்பைத்தான் உயர்த்தினார்கள். செப்டம்பர் 23, கடைசி நாள். புரோப்ஸ்டும் தொழிற்சாலையின் ஹரோல்ட் கிரிஸ்ட்டும் அந்த ஒரே வண்டியை அவர்களே ஓட்டிக்கொண்டு மேரிலாந்தில் இருந்த ஹோலபேர்ட் முகாமுக்குப் போனார்கள். மாலை 5 மணி கெடு. சேர்ந்தது 4.30.

மீதியை ஆபீசில் வேலை பார்க்கும் யாரும் ஊகித்துவிடலாம். இவ்வளவு சின்ன தொழிற்சாலையால் ஆயிரக்கணக்கில் செய்து தர முடியுமா என்று ராணுவம் பயந்தது. பேன்ட்டத்தின் வரைபடங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. அவர்களும் ஆளுக்கொரு மாதிரி வண்டியோடு வந்தார்கள். 1941 ஜூலையில் 16,000 வண்டிக்கான ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. பிறகு ஃபோர்டும் சேர்ந்துகொண்டது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்தன. பேன்ட்டம் மொத்தமாகச் செய்த ஜீப்புகள் 2,700-கூட வராது. அதிலும் பெரும்பாலானவை பிரிட்டனுக்கும் சோவியத் யூனியனுக்கும் அனுப்பப்பட்டன.

ராணுவத்தின் பயம் முழுக்கத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வில்லிஸின் எஞ்சின் நிஜமாகவே பலசாலி, 60 குதிரைத்திறன்; பேன்ட்டத்தின் எஞ்சினால் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் நான் எழுதிய ஒரு மாதிரி நிரலை, "நல்லா இருக்கு, பெரிய டீம் பாத்துக்குவாங்க" என்று ஒரு மீட்டிங்கில் கைமாற்றிவிட்டது ஞாபகம் வருகிறது. நியாயமான முடிவுதான். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

பேன்ட்டத்துக்கு மிஞ்சியது டிரெய்லர். ஜீப்புக்குப் பின்னால் மாட்டும், கால் டன், இரண்டு சக்கரத் தொட்டி. அதன் பெயர் டி-3. அதிலும் வில்லிஸ் தன் பங்குக்கு ஒரு டிரெய்லர் செய்தது என்பது வேறு விஷயம். ஆனால் பட்லரில் டி-3-யைச் சும்மா ஒப்பேற்றவில்லை. வெறும் எடை 550 பவுண்டு, சுமை 500 பவுண்டு. சக்கரம் ஜீப்பின் அதே 16 அங்குலச் சக்கரம், அதே ஐந்து போல்ட். ஆக, வண்டிக்கும் டிரெய்லருக்கும் ஒரே ஸ்டெப்னி போதும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் ஜீப்பின் இடைவெளியேதான். முன்னால் போகிற வண்டி சேற்றில் அழுத்தி விட்ட தடத்திலேயே பின்னால் வருவதும் உருளும். புதிதாகத் தடம் வெட்ட வேண்டியதில்லை. மாட்டுவண்டித் தடத்தில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தொட்டி தண்ணீர் புகாதது. ஆற்றைக் கடக்கும்போது மிதக்கும். இணைப்புக்கு உருண்டை கிடையாது. ஜீப்பில் கொக்கி, டிரெய்லரில் வளையம். பள்ளத்தில் ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சாய்ந்தாலும் முறுக்கி உடையாது.

போர் முடிந்ததும் இவை உபரியாகப் பண்ணைகளுக்கும் கொட்டகைகளுக்கும் வந்து சேர்ந்தன. காட்டுப்பாதைக்கு டிரெய்லர் கட்டுகிறவர்கள் இதையோ, இதற்குப் பின்னால் வந்த எம்-100, எம்-416 டிரெய்லர்களையோ தேடிப் பிடிப்பது அதனால்தான். கிடைக்காதவர்கள் புது இரும்பில் கட்டும்போதும் கேட்கும் கேள்விகள் அவையேதான்: சக்கரம் ஒன்றா, தடம் ஒன்றா, இணைப்பு முறுகுமா?

வீடியோக்காரருக்குத் தொட்டி உதவாது. அதன் நீளம் சுமார் 6 அடி; டர்ட் பைக் 7 அடி. அதனால் தொட்டியை எடுத்துவிட்டு, சட்டத்தை முன்பக்கம் நீட்டி, மேலே இரண்டு சேனல் இரும்புகளைப் பைக் டயர் உட்காரும் அகலத்தில் பற்றவைத்தார். டர்ட் பைக் ஒன்று 110 கிலோ என்றால் இரண்டு 220 கிலோ. அன்று ராணுவம் எழுதிவைத்த 500 பவுண்டு என்பது 227 கிலோ. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது ராத்திரி 2 மணிக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோட்டார்சைக்கிளை ஒழித்துக்கட்டப் பிறந்த வண்டியின் வால், இப்போது இரண்டு மோட்டார்சைக்கிளை முதுகில் சுமக்கிறது.

அவர் ரொம்ப நேரம் செலவழித்தது பாரத்தை நிறுத்துவதில். மாட்டுவண்டி ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்களே, அது இங்கே உயிர் பிரச்சினை. பின்பாரம் அதிகமானால் வேகத்தில் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். அப்புறம் இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். அவர் பைக்குகளை ஏற்றி, கொக்கி முனையைக் குளியலறை எடைமெஷின்மேல் வைத்து, சேனல்களை மூன்று தடவை அறுத்து முன்னால் நகர்த்தினார். அதற்கப்புறம்தான் ஹேண்டில்பாரில் பட்டை போட்டு, ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இழுத்துக் கட்டினார்.

போர் முடிந்த பிறகும் பேன்ட்டம் டிரெய்லர்தான் செய்தது, விவசாயிகளுக்காக. காருக்குத் திரும்பவே இல்லை. 1948-ல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன், ஜீப்பை உருவாக்கியது நாங்கள்தான் என்று வில்லிஸ் விளம்பரம் செய்யக்கூடாது என்றது. அந்த யோசனை பேன்ட்டமும் ராணுவ அதிகாரிகளும் சேர்ந்து உண்டாக்கியது என்றும் பதிவு செய்தது. 1950-ல் 'ஜீப்' என்ற பெயர் வில்லிஸின் பதிவு செய்த வணிகச்சின்னமானது. 1956-ல் பேன்ட்டத்தை ஓர் இரும்புக் கம்பெனி எடுத்துக்கொண்டது.

தொடரின் கடைசிப் பாகத்தில் டிரெய்லரை எழுபதுகளின் சி.ஜே-5 ஜீப் ஒன்றில் மாட்டினார். மணல் பாதையில் ஒரு டயர் பஞ்சர். ஜீப்பின் முதுகில் இருந்த ஸ்டெப்னியைக் கழற்றி டிரெய்லரில் மாட்டினார். ஐந்து போல்ட்டும் சரியாக உட்கார்ந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தத் தகட்டைத் திரும்ப எங்காவது ரிவெட் அடித்திருக்கிறாரா என்று வீடியோவைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். காணோம். போல்ட் டப்பா மட்டும் ஒரு காட்சியில் பெஞ்சின் ஓரத்தில் தெரிகிறது, மூடி போட்டிருக்கிறது.