பாயிண்ட் டூ டூ: ஆத்தூர்க் காட்டில் இறங்காத தோட்டா

பித்தளை உறையும் ஈயக் குண்டும் சேர்த்து மொத்தம் ஓர் அங்குல நீளம். குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர், எடை சுமார் 2.6 கிராம். என்.சி.சி. மாணவர்கள் ‘பாயிண்ட் டூ டூ’ என்று சொல்லும் .22 லாங் ரைபிள் தோட்டா இவ்வளவுதான். போலீஸ்காரர் தோளில் பல காலம் தொங்கிய .303 ரைபிளின் குண்டு இதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் கனம்.

இதன் வம்சம் பிரான்ஸில் தொடங்குகிறது. லூயி ஃப்ளோபேர் 1845இல் வீட்டுக்குள் குறிபார்த்துச் சுட ஒரு குட்டித் தோட்டாவைச் செய்தார். அதில் தனியாக வெடிமருந்தே கிடையாது. தீமூட்டும் மருந்தே குண்டையும் தள்ளியது. அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1857இல் .22 ஷார்ட்டையும், ஸ்டீவன்ஸ் கம்பெனி 1887இல் லாங் ரைபிளையும் கொண்டுவந்தன. தீமூட்டும் மருந்து உறையின் அடிவிளிம்பு மடிப்புக்குள் இருக்கும். விளிம்பைத் தட்டினால் தீப்பிடிக்கும். தட்டிய இடம் நசுங்கிவிடுவதால் உறையில் மறுபடி மருந்து நிரப்பிப் பயனில்லை. விலை குறைவு, சத்தம் குறைவு, தோளில் உதையும் இல்லை. அமெரிக்கப் பண்ணைகளில் முயலுக்கும் அணிலுக்கும் இதுவே போதுமானதாக இருந்தது.

சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்திலும் அதே தேவை இருந்தது. வசிஷ்ட நதிக்கரை வயல்களிலும் கல்வராயன் மலையடிவாரப் புன்செய்க் காடுகளிலும் சோளத்துக்குக் கிளி, கடலைக்கும் மரவள்ளிக்கும் பன்றி. ஆனால் இங்கே அந்த வேலைக்கு வந்தது நாட்டுத் துப்பாக்கி. அது பழைய மஸ்கெட்டின் வழிவந்தது. 1768இல் ஆத்தூர்க் கோட்டையைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் மஸ்கெட்டில் குழல்வாய் முக்கால் அங்குலம். பாயிண்ட் டூ டூ தோட்டா முழுசாகவே அதற்குள் விழுந்துவிடும்.

நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா என்று ஒன்று இல்லை. குழல்வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ வைத்து நீளக் கம்பியால் இடிக்க வேண்டும். அதன்மேல் ஈய ரவை, மறுபடி நார், மறுபடி இடி. பின்பக்கம் தீமூட்டும் சிறு ‘கேப்’ ஒன்றைப் பொருத்தி, குதிரையை இழுத்துவிட்டால்தான் வேட்டு. ஒரு முறை தவறினால் அடுத்ததற்குள் முயல் அடுத்த ஊருக்குப் போய்விடும். பறவைக்குப் பொடி ரவை, பன்றிக்குப் பெரிய குண்டு. பிற்காலத்தில் சைக்கிள் கடை பால்ரஸும் குழலுக்குள் போனது. ஒரே குழலில் எதையும் போடலாம் என்பதுதான் அதன் பலம். சிறு தோட்டாவுக்கு அந்த வசதி கிடையாது.

மீதியைச் சட்டம் தீர்த்து வைத்தது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியரிடம் உரிமம் கேட்டது. ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. 1959 சட்டத்தின் 13ஆம் பிரிவு இரண்டு துப்பாக்கிகளுக்கும் பெயர் சொல்லியே இடம் ஒதுக்குகிறது: பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி, ரைபிள் கிளப் உறுப்பினரின் குறிப்பயிற்சிக்குப் பாயிண்ட் டூ டூ. காட்டுக்கு ஒன்று, மைதானத்துக்கு ஒன்று. தூரத்தை வைத்துப் பார்த்தால் இது பொருத்தமான பிரிப்பே. பொடி ரவை சில நூறு மீட்டருக்குள் வேகம் இழந்து விழும். பாயிண்ட் டூ டூ குண்டோ மேல்நோக்கிச் சுட்டால் ஒரு கிலோமீட்டரையும் தாண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் வீடு இருக்கும் சேலத்துச் சமவெளியில் அது எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991இல் திருத்தப்பட்டதோடு முயலும் கௌதாரியும் கைக்கு எட்டாதவை ஆயின. சிறு தோட்டாவுக்கு ஏற்ற வேட்டை அத்தோடு முடிந்தது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை என்று மலைக் கிராமங்களில் போலீஸார் அறிவிப்பதும் வழக்கமானது.

ஊர்ப் பிள்ளைகள் பாயிண்ட் டூ டூவைத் தொட்டது 1948இல் தொடங்கிய என்.சி.சி. வழியாகத்தான். தரைவிரிப்பில் குப்புறப் படுத்து, 25 கஜத் தூரத்து அட்டையைக் குறிபார்த்து ஐந்து தோட்டா. அடித்த ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதற்குத்தான் மதிப்பெண். முடிந்ததும் காலி உறைகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் எல்லோரும் புல்லுக்குள் தேடுவார்கள். பாடமாக இதைவிட நல்ல தோட்டா இல்லை. போட்டியில் அதன் எல்லை இன்னும் நுட்பம்: 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தத் தோட்டாவால்தான்.

பன்றிக்கு மட்டும் இது எந்தக் காலத்திலும் ஆகாது. தடித்த தோலும் கொழுப்பும் தாண்டி உள்ளே போகும் விசை அதற்கு இல்லை. காயம்பட்ட பன்றி ஆளை நோக்கித் திரும்பும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. சுடும் பொறுப்பைப் பயிற்சி பெற்ற வனத்துறையினரிடமே கொடுத்தது. மரவள்ளிக் காட்டுக்காரருக்கு ராத்திரிக் காவலில் மிஞ்சியிருப்பவை பரணும் டார்ச் லைட்டும் தகர டப்பாவும் பட்டாசும்தான்.